மணிலாவில் தங்கிய சிப்பாய்

ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே கிடக்கும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில், மாலைநேரத்தில் வறுத்த வேர்க்கடலை விற்பவரிடம் ஓர் இளைஞர் வந்து, "மல்லாட்டை என்ன விலை?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு சொல்லே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். தென்னார்க்காட்டுச் சீமையிலிருந்து தொழிற்சாலை வேலை தேடி இப்பக்கம் குடிவந்த குடும்பத்துப் பிள்ளை அவர் என்று நாம் கூறிவிடலாம். மணிலாக் கொட்டை என்பது மக்கள் நாவில் மருவி மல்லாக்கொட்டையாகி, மேலும் தேய்ந்து மல்லாட்டையாக நிற்கிறது. தென்னமெரிக்க மண்ணில் தோன்றிய பயிர் அது. ஸ்பானியர் கப்பலில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து பிலிப்பைன் தீவுகளை அடைந்தது. பிறகு அந்நாட்டுத் தலைநகரின் பெயரையே தன் பெயராகச் சுமந்து நம் புன்செய்க் காட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு கடலைக் கொட்டை தான் வந்த வழியை மறைக்கவில்லை. மனிதனோ மறைக்கிறான்! வந்த வழியை மறைப்பதோடு நில்லாமல், வராத வழியையும் சேர்த்துப் புனைகிறான். "எங்கள் முன்னோர் ஆண்டவர்கள், அரியணையில் அமர்ந்தவர்கள்" என்று ஒவ்வொரு சாதியும் தனித்தனியே சுவரொட்டி அடிக்கிறது. எல்லாரும் ஆண்ட பரம்பரை என்றால், ஆளப்பட்டவர் யார்? ஏர் உழுதவர் யார்? ஏரி வெட்டியவர் யார்? பல்லக்குத் தூக்கியவர் யார்? கூலிக்குத் துப்பாக்கி தூக்கியவர் யார்? இந்தக் கேள்விகளுக்குக் குலப்பெருமை பேசுவோரிடம் விடை இல்லை.

ஆண்டவன் பரம்பரையை விட்டுவிடுவோம், தோழர்களே! கூலிக்குத் துப்பாக்கி தூக்கிய ஒரு பரம்பரையின் கதையை இங்கே பார்ப்போம். மணிலாக் கொட்டை வந்த கடல் வழியிலே, எதிர்த்திசையில், இந்தச் சென்னைக் கரையிலிருந்து போனவர்கள் அவர்கள். போனவர்களுள் பலர் திரும்பவில்லை. ஸ்பானியக் குடியேற்ற நாட்டிலே மண் பிடித்து, மனை கட்டி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று, அந்த மண்ணின் மக்களாகவே கலந்துவிட்டார்கள்.

துணி முன்னே, துப்பாக்கி பின்னே

பருத்திப்பட்டு என்றால் பருத்தியும் பட்டும் சேர்ந்த ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. 'பட்டு' என்பது சிற்றூரைக் குறிக்கும் பழஞ்சொல். சேத்துப்பட்டு முதலிய ஊர்ப் பெயர்களில் வருவதும் அதுவே. பருத்தி என்ற முற்பகுதியோ, இந்தக் கரைக்கு வெள்ளையர் ஏன் வந்தனர் என்ற கேள்விக்கான விடையையே தன்னுள் வைத்திருக்கிறது. அவர்கள் வந்தது பருத்தித் துணிக்காக. 1639-இல் ஆங்கிலக் கம்பெனி சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றதற்கு முதற் காரணம் சோழமண்டலக் கரைத் துணிகளே.

அந்தத் துணிகள் ஐரோப்பாவுக்கு மட்டும் போகவில்லை. கிழக்கே மணிலாவுக்கும் போயின. மணிலா அந்நாளில் ஸ்பெயின் மன்னனின் ஆசியக் கடை. 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், மெக்சிகோ நாட்டு அக்காப்புல்கோ துறைமுகத்திலிருந்து வெள்ளியைச் சுமந்து பெருங்கப்பல்கள் மணிலாவுக்கு வந்தன. சீனத்துப் பட்டையும் நம் கரைத் துணியையும் ஏற்றிக்கொண்டு திரும்பின. பிற ஐரோப்பியர் மணிலாவில் வாணிபம் செய்யலாகாது என்பது ஸ்பெயினின் சட்டம். சட்டத்துக்குச் சந்து கண்டுபிடிப்பது வணிகனின் தொழிலாயிற்றே! ஆங்கிலேயர் முதலிட்ட சரக்கு ஆர்மேனியர் பெயரிலும் ஆசிய வணிகர் பெயரிலும் கொடி மாற்றிக்கொண்டு போயிற்று.

மணிலா வாணிபத்தில் பெரும்பொருள் திரட்டிச் சென்னையில் குடியேறிய ஆர்மேனியர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். அவர் தம் பணத்தில் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று வழங்கிய அதன் இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. மணிலாவின் வெள்ளி சைதையில் பாலமாயிற்று! கடலுக்கு அப்பாலுள்ள ஊர் நமக்கு அயல் என்று நினைக்கிறோம். அந்தப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குப் போகிறோம்.

துணி முன்னே போயிற்று. அதற்குப் பின்னே துப்பாக்கி போயிற்று.

அறுநூறு பேர்

ஐரோப்பாவில் நடந்த ஏழாண்டுப் போரில் 1762 சனவரியில் இங்கிலாந்து ஸ்பெயின் மீதும் போர் தொடுத்தது. அதற்கு முன்னரே மணிலாவின் மீது கண் வைத்திருந்தவர் வில்லியம் டிரேப்பர். அவருடைய 79-ஆவது படைப்பிரிவு 1758-இல் சென்னைக்கு வந்து, பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையை எதிர்த்துப் போரிட்டது. இடையில் உடல்நலம் கருதிச் சீனத்துக் காண்டன் சென்றிருந்த டிரேப்பர், மணிலாக் கோட்டையின் காவல் எத்துணை மெலிவானது என்பதை அங்கே கேட்டறிந்தார். இலண்டனுக்குச் சென்று திட்டம் கொடுத்தார். இசைவு பெற்றார். சென்னைக்குத் திரும்பிப் படை திரட்டினார்.

கம்பெனியோ வணிகக் கூட்டம். "எங்களுக்கு என்ன பங்கு?" என்று கேட்டது. கொள்ளையில் மூன்றில் ஒரு பங்கு என்று பேரம் முடிந்தது. ஓர் ஊரைப் பிடிக்கும் முன்னரே அதன் பொருளைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்! வழிப்பறிக் கள்வன் காட்டில் செய்தால் குற்றம். கம்பெனி கோட்டைக்குள் அமர்ந்து செய்தால் அது அரசியல்!

1762 ஆகஸ்டுத் தொடக்கத்தில் கப்பற்படை சென்னைக் கரையை விட்டகன்றது. தரைப்படைக்கு டிரேப்பர் தலைவர். கடற்படைக்குச் சாமுவேல் கார்னிஷ் தலைவர். கடலோடிகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 போர்வீரர். அவர்களுள் வெள்ளையர் படைப்பிரிவு ஒன்று, பீரங்கிப் படை, கம்பெனிப் படையில் சேர்ந்த பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்கர் பிரிவு ஒன்று, தோப்பாசியர் எனப்பட்ட கலப்பினத்தார் பிரிவு ஒன்று, வழி வெட்டும் படையினர், அவர்களோடு அறுநூறு சிப்பாய்கள். ஆயுதமின்றிச் சுமை தூக்கச் சென்ற இலாஸ்கர்கள் இதற்குப் புறம்பு.

யார் இந்தச் சிப்பாய்கள்? சென்னையைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களிலும் கருநாடகச் சீமையிலும் திரட்டப்பட்டவர்கள். தமிழர், தெலுங்கர், முசுலிம்கள், தாழ்த்தப்பட்டோர் எனப் பலரும் சென்னைப் படையில் இருந்தனர். சிதறிக் கிடந்த கூலிப் பட்டாளங்களை முறையான பிரிவுகளாகக் கம்பெனி ஒழுங்குபடுத்தத் தொடங்கியது 1758-ஐ ஒட்டித்தான். அவர்களை அழைத்தது நாட்டுப்பற்று அன்று. நாடு என்ற நினைப்பே அன்று அவர்களுக்கு இல்லை. நவாபுக்கும் கம்பெனிக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் இடையே மாறி மாறி நடந்த போர்களில் பயிர் எரிந்து, ஏரி வறண்டு, ஊர் பாழ்பட்டுக் கிடந்த காலம் அது. உழுதவனுக்கு உணவில்லை. சுட்டவனுக்குச் சம்பளம் உண்டு. ஆதலால் கலப்பையை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான்.

கடல் கடந்தால் சாதி கெடும் என்று போதாயன தரும சூத்திரம் விதித்திருந்தது. வங்காளப் படையின் உயர்சாதிச் சிப்பாய்கள் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். 1824-இல் பர்மாப் போருக்குப் போகச் சொன்னபோது பாரக்பூரில் கலகமே மூண்டது. சுமை மாட்டுக்கான செலவும் கடற்பயண அச்சமும் அதற்குக் காரணங்களாயின. சென்னைச் சிப்பாயோ அதே போருக்குக் கப்பலில் சென்றான். அதற்கு அறுபது ஆண்டு முன்னரே மணிலாவுக்கும் சென்றிருந்தான். சாத்திரம் கட்டிய வேலி வயிற்றுப் பசியின் முன் நிற்கவில்லை.

மணிலாவில் நடந்தது

செப்டம்பர் 23-ஆம் நாள் மணிலாக் குடாவில் கப்பல்கள் தோன்றின. போர் தொடங்கிய செய்தியே அவ்வூருக்கு அதுவரை முறையாக எட்டவில்லை! தீவுகளின் தலைமை ஆளுநர் இறந்துபோயிருந்தமையால், பேராயர் மானுவேல் ரோஹோ ஆட்சிப் பொறுப்பையும் சேர்த்து வகித்து வந்தார். சமயகுரு கையில் செங்கோல்! கோட்டையின் காவலைப் பெருக்க அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் பம்பாங்கா நாட்டுப் பழங்குடி மக்கள் வில்லும் வேலும் ஏந்தி வந்து ஆங்கிலேயரின் பாசறை மீது பாய்ந்தனர். பீரங்கியின் முன்னே வில் என்ன செய்யும்? மடிந்தார்கள்.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஸ்பானியனுக்காகச் சாகும் பம்பாங்கா உழவன். மறுபக்கம் ஆங்கிலேயனுக்காகச் சுடும் தமிழ்நாட்டு உழவன். இருவருக்கும் முன்பின் பகை இல்லை. ஒருவன் மொழி மற்றவனுக்குத் தெரியாது. இருவர் நிலத்தையும் வேறு வேறு வெள்ளையன் பறித்திருந்தான். பறிகொடுத்தவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். ஏகாதிபத்தியம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு வேண்டுமா?

அக்டோபர் 6-ஆம் நாள் மணிலா வீழ்ந்தது. ஊர் கொள்ளையிடப்பட்டது. அந்தக் கொள்ளையில் நம் சிப்பாய்க்குப் பங்கே இல்லை என்று மறைத்தால் அது நேர்மையாகாது. நம்மவர் என்பதற்காக அவர் செய்த கொடுமையை வீரம் என்று பாடுவது வரலாறு ஆகாது. பேராயரோ நாற்பது இலட்சம் வெள்ளி தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு பகுதியே கைக்கு வந்தது. மிச்சத்தை ஸ்பெயின் அரசு என்றுமே செலுத்தவில்லை.

சென்னைக் கவுன்சிலைச் சேர்ந்த டாசன் டிரேக் மணிலாவின் ஆளுநரானார். சென்னைக் கோட்டையின் கிளைக் கச்சேரி போல மணிலா மாறிற்று. அந்த அலுவலகக் குறிப்புகள் 'மணிலா ஆலோசனைகள்' என்ற பெயரில் 1940-களில் சென்னை ஆவண அலுவலகத்தாலேயே பல தொகுதிகளாக அச்சிடப்பட்டன. ஆங்கிலேயரின் ஆட்சி மணிலாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி விரியவில்லை. சிமோன் தெ அந்தா என்ற நீதிமன்ற அலுவலர் தப்பிச் சென்று, பக்கோலோர் ஊரைத் தலைமையிடமாக்கி எதிர்ப்பு நடத்தினார். ஆங்கிலப் படையை விட்டு ஓடிவந்தவர்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். 1762 நவம்பரில் ஆற்றங்கரை ஊரான பாசிக் நகரைப் பிடித்த ஆங்கிலப் படை, அதன் அண்டையூரான கயிந்தாவையும் கைக்கொண்டு காவல் வைத்தது.

இதனிடையே வடக்கே இலோகோஸ் நாட்டில் டியேகோ சிலாங் ஸ்பானிய வரிக்கொடுமைக்கு எதிராகக் கொடி தூக்கினார். 1763 மேத் திங்களில் வஞ்சகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய துணைவி கப்ரியேலா போரைத் தொடர்ந்து நடத்தி, அதே ஆண்டு செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். வீரத்துக்கு ஆண் பெண் என்ற வேறுபாடில்லை என்பதை அந்தத் தீவுநாட்டுப் பெண் காட்டிச் சென்றார்.

1763 பிப்ரவரி 10-ஆம் நாள் பாரிசில் போர் முடிந்து உடன்படிக்கை கையெழுத்தானது. மணிலா பிடிபட்ட செய்தியே கையெழுத்திட்டவர்களை அப்போது எட்டவில்லை! பிடித்த ஊரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1764 மார்ச்சு இறுதியில் கம்பெனி அலுவலர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள் மணிலாவை ஸ்பானியரிடம் ஒப்படைத்தார். கப்பல்கள் சென்னைக்குப் புறப்பட்டன.

திரும்பாதவர்கள்

எல்லாரும் கப்பல் ஏறவில்லை. சிப்பாய்களுள் பலர் படையை விட்டு விலகி அங்கேயே தங்கிவிட்டனர். அவர்கள் குடியமர்ந்த ஊர்களில் முதன்மையானது கயிந்தா.

ஏன் தங்கினார்கள்? அவர்கள் ஏடு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்த 1764-ஆம் ஆண்டில் சிப்பாயின் நிலை என்ன என்பதை நாம் அறிவோம். அதே ஆண்டில் வங்காளப் படையில் ஊதியமும் கொள்ளைப் பங்கும் கேட்டுக் கலகம் செய்த சிப்பாய்களுள் 24 பேரை ஹெக்டர் மன்றோ பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுச் சிதறடித்தார். அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், கம்பெனிக்காகக் கோட்டை கோட்டையாகப் பிடித்துக் கொடுத்த மாபெரும் சிப்பாய்த் தளபதி, மருதநாயகம் எனப்படும் யூசுப் கான், மதுரையில் தூக்கில் தொங்கவிடப்பட்டார். தளபதிக்கே தூக்குக் கயிறுதான் பரிசு என்றால், சாதாரணச் சிப்பாய்க்கு என்ன காத்திருந்திருக்கும்? திரும்பிப் போனால் மீண்டும் கம்பெனியின் சவுக்கு, ஊருக்குப் போனால் மீண்டும் சேரி. இங்கேயோ பாசிக் ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் வயல். சோறு உண்ணும் மக்கள். நம் நாட்டைப் போலவே வாழையும் தென்னையும் மாவும். மாங்காய் என்ற நம் சொல்லே மலாய் மொழி வழியாகச் சென்று தகாலோகு மொழியில் 'மங்கா' என்று வழங்குகிறது. அந்தச் சொல்லைச் சந்தையில் கேட்ட சிப்பாய்க்கு ஊர் நினைவு வந்திருக்கும் என்று எண்ணுவது பிழையாகாது.

கயிந்தா அடிமைப்பட்ட ஊர்தான், ஆனால் பணிந்த ஊர் அன்று. 1571-இல் ஸ்பானியர் முதலில் வந்தபோது எதிர்த்து நின்று அடிபட்ட ஊர். அந்த ஊர்ப் பெண்களைச் சிப்பாய்கள் மணந்தனர். பிள்ளைகள் பிறந்தனர். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினர், தாயின் தேவாலயத்துக்குச் சென்றனர். ஒரு தலைமுறையில் தமிழும் தெலுங்கும் உருதுவும் மறைந்தன. கருத்த மேனியும் கூர்த்த மூக்கும் மறையவில்லை. இன்றும் கயிந்தாவிலும் சுற்று வட்டாரத்திலும் தம்மைச் சிப்பாய்களின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்வோர் உண்டு. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரமாக, மணிலாப் பெருநகரின் விளிம்பிலே கயிந்தா இன்று நிற்கிறது. நம் ஆவடியும் பூவிருந்தவல்லியும் சென்னையின் விளிம்பிலே நிற்பது போல!

பெயர் மாற்றிய ஆண்டு

ஒரு சிப்பாயின் வழிமரபைத் தேடிக் கயிந்தாவுக்குப் போகும் ஆராய்ச்சியாளர் முதலில் தேடுவது என்ன? குடும்பப் பெயர். முத்து என்றோ, வீரன் என்றோ, அப்துல் என்றோ ஒரு பெயர் தேய்ந்தும் திரிந்தும் எங்கேனும் தங்கியிருக்காதா என்று தேடுவார். கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதற்கு ஓர் ஆணை காரணம்.

1849 நவம்பர் 21-ஆம் நாள், தலைமை ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். பிலிப்பைன் மக்கள் அனைவரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆணை. அதற்காக ஏறத்தாழ 60,000 பெயர்கள் அகரவரிசையில் அச்சிடப்பட்டு ஊர்தோறும் அனுப்பப்பட்டன. சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பக்கங்களே போய்ச் சேர்ந்தன. ஊர் முழுவதும் ஒரே எழுத்துப் பெயர்க்காரர்கள் ஆனார்கள்! வரி தண்ட வேண்டும், கணக்கு எழுத வேண்டும். அதற்காக ஒரு நாட்டின் பெயர்களையே மாற்றி எழுதியது ஆதிக்கம். ஆகவே இன்று அங்கே ஒருவர் ஸ்பானியப் பெயர் தாங்கியிருப்பதால் அவர் பாட்டன் ஸ்பானியன் என்று பொருளில்லை. பாட்டன் சீனனாக இருக்கலாம், தகாலோகனாக இருக்கலாம், சென்னையிலிருந்து போன சிப்பாயாகவும் இருக்கலாம்.

இதற்குச் சான்றாக ஒரு பெரும்பெயரையே காட்டலாம். பிலிப்பைன் நாட்டின் விடுதலை வீரர், குருமார் ஆதிக்கத்தைத் தம் புதினங்களால் தோலுரித்துக் காட்டியவர், 1896 டிசம்பர் 30-இல் ஸ்பானியத் துப்பாக்கிக்கு இரையானவர் ஹோசே ரிசால். அவர் சீனத்திலிருந்து வந்து குடியேறிய டொமிங்கோ லாம்கோ என்ற வணிகரின் வழியில் வந்தவர். அக்குடும்பத்தின் பெயர் முதலில் மெர்க்காதோ. சந்தை என்பது அதன் பொருள். ரிசால் என்ற பெயர் பின்னர் சேர்ந்தது. வந்தேறியின் வழித்தோன்றல் நாட்டின் தந்தையாகப் போற்றப்படுகிறார். அவர் பெயர் தாங்கிய ரிசால் மாநிலத்திலேயேதான் கயிந்தாவும் அடங்கியிருக்கிறது.

பெயர் உதவாதென்றால் வேறு எது உதவும்? தேவாலயத் திருமுழுக்கேடுகள் உதவும். ஆனால் ஏடு என்பது எரியக் கூடியது. 1899-இல் அமெரிக்கருக்கும் பிலிப்பைன் மக்களுக்கும் நடந்த போரில் கயிந்தாவின் பழைய தேவாலயமே தீக்கிரையாயிற்று. எஞ்சியிருப்பவை மக்களின் நினைவும், முகச்சாயலும், பாட்டிமார் சொன்ன கதையுமே.

கதை என்றதும் பகுத்தறிவாளன் விழித்துக்கொள்ள வேண்டும். பிலிப்பைன் மக்கள் விரும்பி உண்ணும் 'கரே-கரே' என்ற குழம்பு நம் 'கறி'தான், சிப்பாய்கள் சமைத்துக் காட்டியதுதான் என்று சொல்வோர் உண்டு. நிலக்கடலையை அரைத்துச் சேர்க்கும் குழம்பு அது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் ஒலி ஒத்திருப்பது ஒன்றே சான்றாகிவிடாது. ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு உலகமெல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று என்று முழங்குவோமானால், வேதத்தில் விமானம் இருந்தது என்போருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? கப்பற்பயணம் ஆவணத்தில் இருக்கிறது, அதை ஏற்போம். குழம்புக் கதை ஊர்ப்பேச்சில் இருக்கிறது, அதைக் கதையாகவே வைப்போம். இந்த வரம்பை மீறாதவனே வரலாறு எழுதத் தகுதியுடையவன்.

சாதி எங்கே போயிற்று?

இனி நாம் வந்து சேர வேண்டிய கேள்விக்கு வருவோம்.

1762-இல் சென்னைக் கரையில் கப்பல் ஏறியபோது அந்த அறுநூறு பேருக்கும் சாதி இருந்தது. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் யாரை மணக்கலாம் என்ற கட்டுப்பாடு அவர்கள் பிறப்போடு ஒட்டியிருந்தது. அவர்களின் இன்றைய வழித்தோன்றலிடம், "உன் முப்பாட்டன் என்ன சாதி?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே அவருக்கு விளங்காது. பள்ளன் என்றும் படையாட்சி என்றும் வேளாளன் என்றும் வெட்டியான் என்றும் பிரித்துச் சொல்ல அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளாக அசைக்க முடியாதது, ஆண்டவனே வகுத்தது, இரத்தத்தில் ஊறியது என்று சொல்கிறார்களே சாதியை, அது இரண்டு தலைமுறையில் எங்கே போயிற்று? கடலில் கரைந்துவிட்டதா? இல்லை, தோழர்களே! கடல் கடந்தும் சாதியைக் காப்பாற்றியவர்கள் உண்டு. கடலுக்கு அப்பாலும் கோயில் கட்டி, தெரு பிரித்து, சாதிக்குள்ளேயே பெண் தேடிக் கொண்டிருந்த நம்மவரை நாம் அறிவோம். கயிந்தாச் சிப்பாய் ஒன்றே ஒன்றுதான் செய்தான். சாதிக்குள் பெண் தேடவில்லை. தேட வழியில்லை. தன் முன்னே நின்ற பெண்ணை மணந்தான். அவ்வளவுதான்! இரத்தத்தில் ஊறியிருந்ததாகச் சொன்ன சாதி, அந்தத் திருமணப் பந்தலைத் தாண்டி ஓரடி கூட எடுத்து வைக்கவில்லை. மேனியின் நிறம் இயற்கை தந்தது. அது இருநூற்றறுபது ஆண்டு கழித்தும் முகத்தில் தெரிகிறது. சாதி மனிதன் கட்டியது. அகமணம் என்ற ஆணியைப் பிடுங்கியதும் சரிந்து விழுந்தது. இதைவிடத் தெளிவான ஆய்வுக்கூடம் வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் அங்கே பேதமே இல்லை என்று நாம் மயங்கவும் கூடாது. ஸ்பானிய ஆட்சி மக்களைப் பிறப்பு வாரியாகப் பிரித்தது. ஸ்பெயினில் பிறந்த ஸ்பானியன், தீவில் பிறந்த ஸ்பானியன், சீனக் கலப்பினத்தான், சீனன், நாட்டுக் குடிமகன் என்று வகுத்து, வகைக்கேற்ப வரியும் உரிமையும் விதித்தது. ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்க வழங்கும் 'காஸ்ட்' என்ற சொல்லே, ஸ்பானியரும் போர்த்துகீசியரும் வழங்கிய 'காஸ்தா' என்பதிலிருந்து வந்ததுதான். ஒரு சாதிச் சிறையிலிருந்து தப்பியவன் இன்னோர் ஆதிக்கத்தின் கீழே வரி கட்டினான் என்பதே முழு உண்மை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அந்த வரிப்பிரிவு ஒழிந்து போயிற்று. நம் சாதியோ வெள்ளையன் போன பின்னும் போகவில்லை.

யார் பெயர் நிலைத்தது?

இங்கிலாந்துக்குத் திரும்பிய டிரேப்பர் வீரப்பட்டம் பெற்றார். பிரிஸ்டல் நகரின் கிளிப்டன் பகுதியில் மாளிகை கட்டி, அதற்கு 'மணிலா மாளிகை' என்று பெயர் சூட்டினார். தம் 79-ஆவது படைப்பிரிவில் மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது. கார்னிஷுக்கும் பட்டம் கிடைத்தது. கம்பெனிக்குப் பங்கு கிடைத்தது. சிப்பாய்க்கு? கல்லும் இல்லை, சொல்லும் இல்லை. அவன் பிள்ளைகளின் முகமே அவனுக்கு நினைவுச் சின்னம்.

இங்கே தங்கிய சிப்பாய்க்கும் பின்னர் என்ன நேர்ந்தது தெரியுமா? சென்னைப் படையைக் கொண்டே தென்னிந்தியாவின் பெரும்பகுதியை வென்ற ஆங்கிலேயர், வென்று முடித்தபின், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குல'த் தத்துவம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டினார். தமிழரையும் தெலுங்கரையும் படையில் சேர்ப்பது குறைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோர்க்குக் கல்வியும் காலணியும் நிமிர்ந்த நடையும் தந்த ஒரே வாயில் அடைபட்டது. வீரமும் குலத்தால் வருவதே என்று வெள்ளையனும் சனாதனியின் பாடத்தையே ஒப்புவித்தான்! அந்தத் தத்துவத்துக்கு மறுமொழி பருத்திப்பட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1961-இல் ஆவடியில் அமைந்த கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விசயந்தா கவசஊர்தி உருண்டு வெளிவந்தது. 'போர்க்குணம் அற்றவர்' என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளும் அதைப் பூட்டிய கைகளில் இருந்தனர்.

இளைஞர்களே! உங்கள் குடும்ப வரலாற்றைத் தேடுங்கள். தேட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாட்டியின் வாய்மொழியைக் கேட்டு எழுதுங்கள். நிலப் பத்திரத்தைப் படியுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ஏடுகளைப் புரட்டுங்கள். ஆனால் அரியணையைத் தேடிப் போகாதீர்கள். யார் எங்கிருந்து பசியோடு வந்தார், எந்த ஊர் அவருக்குச் சோறிட்டது, எந்தப் பெண் அவரை நம்பிக் கைப்பற்றினாள் என்று தேடுங்கள். அப்படித் தேடினால் எல்லார் குடும்பத்திலும் ஒரு வந்தேறி இருப்பார், ஒரு கூலிக்காரர் இருப்பார், ஒரு கலப்பு மணம் இருக்கும். அதை மறைக்கவே ஆண்ட பரம்பரைக் கதை புனையப்பட்டது.

கயிந்தாவில் ஒரு சிப்பாயின் வழிவந்த இளைஞனும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நிற்கும் இளைஞனும் ஒரே ஊரிலிருந்து பிரிந்த இரு கிளைகளாக இருக்கக் கூடும். ஒருவன் தன் சாதி எதுவென்றே அறியாமல் விரும்பியவளை மணக்கிறான். மற்றவன் விரும்பியவளை மணந்ததற்காக வெட்டப்படுகிறான். ஒரே பாட்டனின் பிள்ளைகளுக்குள் இந்த வேறுபாடு எப்படி வந்தது? கப்பலில் ஏறிய பாட்டன் சாதியை விட்டான், கரையில் நின்ற பாட்டன் விடவில்லை. விடுவதற்குக் கப்பல் தேவையில்லை என்பதை நாம்தான் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும்.